உயிரணுப் பரப்பு ஏற்பிகளும் மார்பகப் புற்றுநோய்க்கான இலக்குச் சிகிச்சையும்

மார்பகப் புற்றுநோய் என்பது ஒரே நோயின் பெயர் அன்று. பல நோய்களுக்கு நாம் வைத்திருக்கும் பொதுப் பெயர். ஒரே அளவுள்ள இரண்டு கட்டிகள் தொட்டுப் பார்க்கும்போதும் எக்ஸ்-கதிர்ப் படத்திலும் ஒன்றுபோலவே தெரியலாம். ஆனால் அவற்றின் உயிரணுக்களில் (செல்களில்) உள்ள ஏற்பிகள் வேறுபட்டால் இரண்டுக்கும் தரவேண்டிய மருந்தும் வேறுபடும். ஒரு கட்டிக்கு நாள்தோறும் விழுங்கும் மாத்திரை போதுமானதாக இருக்கும். மற்றொன்றுக்கு அதே மாத்திரையால் எந்தப் பயனும் இராது. எனவே ‘கட்டி எவ்வளவு பெரியது?’, ‘எங்கெல்லாம் பரவியிருக்கிறது?’ என்னும் இரண்டு கேள்விகளோடு, ‘எந்த ஏற்பி இருக்கிறது?’ என்னும் மூன்றாவது கேள்விக்கும் விடை தெரிந்த பிறகே இன்று சிகிச்சை திட்டமிடப்படுகிறது.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓர் ஆண்டில் ஏறத்தாழ 1.92 இலட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98 ஆயிரம் பேர் இந்நோயால் இறந்தனர். ஏற்பி என்றால் என்ன, அதைக் குறிவைக்கும் மருந்துகள் எவ்வாறு வேலை செய்கின்றன, விருதுநகர் போன்ற ஒரு மாவட்டத்தில் வாழும் நோயாளிக்கு இந்த அறிவு எவ்வகையில் பயன்படும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஏற்பி என்பது என்ன?

உடலில் உள்ள ஒவ்வோர் உயிரணுவும் ஒரு மெல்லிய சவ்வினால் சூழப்பட்டிருக்கிறது. இரத்தத்திலும் திசு நீரிலும் மிதந்து வரும் வளர்ச்சிக் காரணிகளில் பெரும்பாலானவை புரதங்கள். அவை இந்தச் சவ்வைத் தாண்டி உள்ளே செல்வதில்லை. அவை கொண்டுவரும் செய்தியை வெளியில் வாங்கி உள்ளே சொல்வதற்குச் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களே உயிரணுப் பரப்பு ஏற்பிகள். ஏற்பியின் ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நடுப்பகுதி சவ்வை ஊடுருவி நிற்கும். மறுமுனை உயிரணுவின் உள்ளே இருக்கும்.

வளர்ச்சிக் காரணி வெளிப்பகுதியில் வந்து பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் சற்றே மாறுகிறது. அருகருகே உள்ள இரண்டு ஏற்பிகள் இணைசேர்கின்றன. அப்போது உட்பகுதியில் உள்ள கைனேஸ் என்னும் நொதி விழித்துக்கொண்டு பாஸ்பேட் தொகுதிகளை ஒட்டத் தொடங்குகிறது. பாஸ்பேட் ஒட்டப்பட்ட புரதம் அடுத்த புரதத்தைத் தூண்டுகிறது. அது அதற்கடுத்ததைத் தூண்டுகிறது. சிவகாசியில் செய்யப்படும் சரவெடியில் ஒரு வெடியிலிருந்து அடுத்ததற்குத் தீ தாவிச் செல்வதைப்போல இந்தச் செய்தி படிப்படியாக உட்கருவை அடைகிறது. அங்கே ‘பெருகு’, ‘பிளவுறு’, ‘சாகாதே’ என்னும் கட்டளைகளுக்கு உரிய மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. நலமான உயிரணுவில் இந்தச் செய்தி தேவையான நேரத்தில் மட்டும் வரும். வேலை முடிந்ததும் அணைந்துவிடும்.

எல்லா ஏற்பியும் பரப்பில் இருப்பதில்லை

மாணவர்கள் பலர் குழம்பும் இடம் இது. மார்பகப் புற்றுநோய் அறிக்கையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (ஈ.ஆர்.), புரோஜெஸ்டிரோன் ஏற்பி (பி.ஆர்.), ஹெர்-2 என மூன்று பெயர்கள் வரிசையாக இருக்கும். இவற்றுள் ஹெர்-2 மட்டுமே உயிரணுப் பரப்பு ஏற்பி. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கொழுப்பில் கரையும் ஹார்மோன்கள். சவ்வை எளிதில் கடந்து உள்ளே சென்றுவிடும். ஆகவே அவற்றின் ஏற்பிகள் பெரும்பாலும் உட்கருவிலேயே இருக்கின்றன. ஆய்வகத்தில் நிறமேற்றிப் பார்க்கும்போதும் இந்த வேறுபாடு தெரியும்: ஈ.ஆர்., பி.ஆர். உள்ள உயிரணுவில் உட்கரு பழுப்பாகும். ஹெர்-2 மிகுந்த உயிரணுவில் சவ்வைச் சுற்றிப் பழுப்பு வளையம் தோன்றும்.

ஏற்பி இருக்கும் இடம் மருந்தின் வகையையும் தீர்மானிக்கிறது. பரப்பில் உள்ள ஏற்பியை, சவ்வுக்குள் நுழைய முடியாத பெரிய மூலக்கூறாகிய எதிர்ப்பொருளைக் கொண்டே வெளியிலிருந்து பிடித்துவிடலாம். உட்கருவில் உள்ள ஏற்பிக்குச் சவ்வைக் கடக்கும் சிறிய மூலக்கூறு வேண்டும். தாமொக்சிபென் மாத்திரை அத்தகையது. அது ஈஸ்ட்ரோஜன் அமரவேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரப்படும் லெட்ரசோல், அனஸ்டிரசோல் ஆகியவை உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே குறைக்கின்றன.

புரோஜெஸ்டிரோன் ஏற்பி பற்றிய ஆய்வில் ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர் இடம்பெற்றுள்ளது. 1938இல் சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் குடும்பம் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைச் சேர்ந்தது. அவர் 1964இல் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் கனடாவின் மான்ட்ரியாலிலும் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்திலும் மார்பகத்தில் ஹார்மோன் ஏற்பிகள் இயங்கும் முறையை ஆராய்ந்தார். புரோஜெஸ்டிரோன் ஏற்பிக்கு ஏ, பி என இரண்டு வடிவங்கள் உண்டு. அவற்றின் விகிதம் குலைந்தால் பால் சுரப்பியின் வளர்ச்சி பிறழ்கிறது என்பதை எலிகளில் அவரது குழு காட்டியது. 2009இல் அவர் மறைந்தார். அமெரிக்கத் துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸ் அவருடைய மகள்.

ஹெர்-2: அளவு மிஞ்சும்போது

மனித மேற்புற வளர்ச்சிக் காரணி ஏற்பிக் குடும்பத்தில் நான்கு உறுப்பினர்கள் உண்டு. ஹெர்-2 அவற்றுள் இரண்டாவது. அதற்கான மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. குடும்பத்தின் மற்ற ஏற்பிகளுக்கு உள்ளதுபோல இதற்கென்று தனி வளர்ச்சிக் காரணி எதுவும் அறியப்படவில்லை. இது எப்போதும் இணைசேர ஆயத்தமான வடிவத்திலேயே நிற்கிறது. உடன்பிறப்பான ஹெர்-3 போன்ற ஏற்பிகளோடு இணைந்து செய்தியை உள்ளே அனுப்புகிறது.

நலமான உயிரணுவில் இம்மரபணுவுக்கு இரண்டு படிகள் இருக்கும். சில மார்பகப் புற்றுநோய்களில் இந்தப் படிகள் பன்மடங்காகப் பெருகிவிடுகின்றன. அதன் விளைவாக, சுமார் 20 ஆயிரம் ஏற்பிகள் இருக்கவேண்டிய ஓர் உயிரணுவின் பரப்பில் 20 இலட்சம் வரை ஏற்பிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. பட்டாசு ஆலைகளில் ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு வெடிமருந்துதான் வைக்கலாம் என்று விதி இருப்பதன் காரணம் விருதுநகர் மாவட்டத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. அளவு மிஞ்சினால் சிறு உராய்வே போதும். ஹெர்-2 ஏற்பிகளும் அப்படித்தான். நெருக்கத்தினாலேயே அவை ஒன்றோடொன்று இணைந்து, வெளியிலிருந்து எந்தச் செய்தியும் வராமலே ‘பெருகு’ என்னும் கட்டளையை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு இவ்வகையைச் சேர்ந்தவை. உரிய மருந்து இல்லாத காலத்தில் இவை விரைவாக வளர்ந்து பரவும் கொடிய வகையாக இருந்தன.

கண்டுபிடிப்பின் வழி

ஏற்பி என்னும் சொல் வழக்குக்கு வருமுன்னரே அதன் விளைவை மருத்துவர்கள் கண்டிருந்தனர். 1896இல் கிளாஸ்கோ நகர மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், சினைப்பைகளை அகற்றினால் சில பெண்களின் மார்பகப் புற்று சுருங்குவதை வெளியிட்டார். அது ஏன் சிலரிடம் மட்டும் நிகழ்கிறது என்பதற்கு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை எல்வுட் ஜென்சன் கண்டறிந்த பிறகே விடை கிடைத்தது.

ஹெர்-2இன் கதையில் இந்தியர் ஒருவருக்கும் பங்கு உண்டு. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த லட்சுமி சரண் பாதி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் வைன்பர்க்கின் ஆய்வகத்தில் பணியாற்றியபோது, எலியின் நரம்புக் கட்டி ஒன்றிலிருந்து எடுத்த மரபணுப் பொருள் உருவாக்கும் ஒரு தனிப் புரதத்தை அடையாளம் கண்டார். 1982இல் வெளியான அந்த ஆய்வே ‘நியூ’ மரபணுவின் தொடக்கம். எலியின் ‘நியூ’வும் மனிதரின் ஹெர்-2உம் ஒன்றே என்பது சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. 1987இல் டென்னிஸ் ஸ்லாமனும் உடனாய்வாளர்களும் மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து, இம்மரபணு பெருகியிருந்த பெண்களுக்கு நோய் விரைவில் திரும்பியதையும் அவர்கள் குறைந்த காலமே வாழ்ந்ததையும் காட்டினர்.

குறி கிடைத்துவிட்டது, அதில் பொருந்தும் எதிர்ப்பொருள் தேவைப்பட்டது. ஒரே வகை எதிர்ப்பொருளைப் பெருமளவில் உண்டாக்கும் முறையை 1975இல் கோலரும் மில்ஸ்டீனும் கண்டறிந்திருந்தனர். அம்முறையில் எலியிலிருந்து பெற்ற எதிர்ப்பொருளை, மனித உடல் அயலானாகக் கருதித் தள்ளிவிடாதவாறு மாற்றியமைத்து உருவாக்கப்பட்டதே டிராஸ்டுசுமாப். 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. நோய் பரவாத தொடக்க நிலைப் பெண்களுக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பின் இதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2005இல் வெளியாயின. கீமோதெரபியோடு இம்மருந்தும் பெற்றவர்களிடம் நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது.

இலக்கு மருந்துகள் செயல்படும் விதம்

மருந்தின் பெயரைக் கொண்டே அதன் வகையை ஓரளவு அறியலாம். ‘மாப்’ என்று முடிபவை எதிர்ப்பொருள்கள்; ஊசி வழியே செலுத்தப்படுபவை. ‘னிப்’ என்று முடிபவை உட்பகுதியில் உள்ள நொதியைத் தடுக்கும் சிறு மூலக்கூறுகள், மாத்திரையாகக் கிடைப்பவை.

டிராஸ்டுசுமாப், ஹெர்-2 ஏற்பியின் வெளிப்பகுதியில் சவ்வுக்கு அருகே உள்ள இடத்தில் பொருந்துகிறது. இதனால் ஏற்பியின் செய்தி தடைபடுகிறது. அதோடு, மருந்து ஒட்டிய உயிரணுவை அயலானாக அடையாளம் கண்டு உடலின் நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் தாக்குகின்றன. பெர்டுசுமாப் அதே ஏற்பியின் வேறோர் இடத்தில் பொருந்தி, அது மற்ற ஏற்பிகளோடு இணைசேர்வதைத் தடுக்கிறது. லாபாட்டினிப் உயிரணுவின் உள்ளே சென்று கைனேஸ் நொதியை முடக்குகிறது.

மற்றொரு வகையில், எதிர்ப்பொருளோடு கொடிய நஞ்சு ஒன்றைக் கட்டி அனுப்புகிறார்கள். எதிர்ப்பொருள் ஏற்பியைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்ளும். உயிரணு அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே நஞ்சு விடுபடும். டிராஸ்டுசுமாப் எம்டான்சின், டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெக்கன் ஆகியவை இவ்வகையின. ஹெர்-2 குறைந்த அளவே உள்ள பரவிய புற்றுநோய்களிலும் டெரக்ஸ்டெக்கன் பயன் தருவதாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மத்திய வரவு செலவுத் திட்டத்தில் இம்மருந்துக்குச் சுங்க வரி நீக்கப்பட்டது.

இலக்கு மருந்து என்பதால் பக்கவிளைவே இல்லை என்று எண்ணக்கூடாது. இதயத் தசை உயிரணுக்களிலும் ஹெர்-2 உண்டு. எனவே டிராஸ்டுசுமாப் சிலரிடம் இதயம் இரத்தத்தை உந்தும் திறனைக் குறைக்கிறது. மருந்து தொடங்குமுன்பும், பின்னர் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் எக்கோ பரிசோதனை செய்வது இதனால்தான். திறன் குறைவது உரிய நேரத்தில் தெரிந்து மருந்தை நிறுத்திவைத்தால் பெரும்பாலோர்க்கு இதயம் தேறிவிடும்.

மூன்று ஏற்பிகள், நான்கு வழிகள்

மூன்று ஏற்பிகளின் முடிவுகளையும் சேர்த்துப் பார்த்துச் சிகிச்சையின் திசை முடிவாகிறது.

1. ஹார்மோன் ஏற்பி உண்டு, ஹெர்-2 இல்லை: மிகுதியாகக் காணப்படும் வகை. ஐந்தாண்டுகள் அல்லது அதற்கு மேல் ஹார்மோன் தடுப்பு மாத்திரை முதன்மையானது. கீமோதெரபி எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை.

2. ஹார்மோன் ஏற்பி உண்டு, ஹெர்-2உம் உண்டு: ஹெர்-2 எதிர்ப்பு மருந்து, கீமோதெரபி, பின்னர் மாத்திரை.

3. ஹெர்-2 மட்டும் உண்டு: கீமோதெரபியும் ஹெர்-2 எதிர்ப்பு மருந்தும்; ஹார்மோன் மாத்திரையால் பயனில்லை.

4. மூன்றும் இல்லை: ‘மும்மறை’ வகை. கீமோதெரபியே முதன்மை; சிலருக்கு நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளும் தரப்படுகின்றன. மேலை நாடுகளைவிட இந்தியாவில் இவ்வகையின் பங்கு கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன.

சோதனை பிழைத்தால் சிகிச்சை பிழைக்கும்

மேற்சொன்ன அனைத்தும் ஒரு சிறு திசுத் துண்டின் சோதனையை நம்பியிருக்கின்றன. ஊசி மூலமோ அறுவை மூலமோ எடுத்த திசுவைத் தாமதமின்றி, ஒரு மணி நேரத்துக்குள், 10 விழுக்காடு நடுநிலை ஃபார்மலின் கரைசலில் இடவேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்கவேண்டும். உப்பு நீரிலோ வெறும் டப்பாவிலோ கிடந்த திசுவில் ஏற்பிகள் சிதைந்துவிடும். அப்போது உண்மையில் ஏற்பி உள்ள கட்டிக்கும் ‘இல்லை’ என்ற முடிவு வரக்கூடும். உயிர்காக்கும் மருந்து அந்தப் பெண்ணுக்கு எழுதப்படாமலே போகும். இதற்கு மாறாக, இல்லாததை ‘உண்டு’ என்று சொல்லிவிட்டால் பயனற்ற செலவும் இதயத்துக்கு ஆபத்தும் மிஞ்சும்.

ஈ.ஆர்., பி.ஆர். முடிவு விழுக்காட்டில் தரப்படும். ஒரு விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் ‘உண்டு’ என்று கொள்வர். ஹெர்-2க்கு 0, 1+, 2+, 3+ என மதிப்பெண். 3+ என்றால் உண்டு. 0, 1+ என்றால் இல்லை. 2+ என்பது முடிவு அன்று. அது இரண்டுங்கெட்டான் நிலை. மரபணுப் படிகளை நேரடியாக எண்ணும் ‘ஃபிஷ்’ என்னும் சோதனையைச் செய்த பிறகே முடிவு சொல்லமுடியும். 2+ என்ற அறிக்கையோடு நின்றுவிடுவது சிகிச்சையைப் பாதி வழியில் விடுவதாகும்.

விருதுநகரிலிருந்து

தமிழ்நாட்டில் புற்றுநோய் மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒன்று சென்னை அடையாறு புற்றுநோய் மையம். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அம்மையத்தை, அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும் 1955இல் வந்து சேர்ந்த வி. சாந்தாவும் வளர்த்தெடுத்தனர். தென்மாவட்ட மக்கள் இன்றும் அங்கே செல்கிறார்கள். எனினும் ஒவ்வொரு தவணைக்கும் சென்னை செல்வது எளிதன்று. அருகில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும், பாலரெங்காபுரத்தில் உள்ள மண்டலப் புற்றுநோய் மையமும் உள்ளன. 2022 ஜனவரி 12 அன்று விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது.

டிராஸ்டுசுமாப் பொதுவாக 21 நாள்களுக்கு ஒருமுறை, ஓராண்டு வரை, 17 அல்லது 18 தவணைகள் தரப்படுகிறது. முதல் தவணை எடையில் கிலோவுக்கு 8 மில்லிகிராம். அடுத்தவை கிலோவுக்கு 6 மில்லிகிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு முதலில் 440, பின்னர் 330 மில்லிகிராம். சிவகாசியிலோ சாத்தூரிலோ பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகும் ஒருவருக்கு ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் கூலி இழப்பு. துணைக்கு வருபவருக்கும் அதே இழப்பு. பேருந்துச் செலவு தனி. மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் சிகிச்சை இடையில் நின்றுபோவதற்கு இவை போதும்.

மருந்தின் விலை இன்று முன்போல் இல்லை. 2014இன் தொடக்கத்தில் பெங்களூரின் பயோகான் நிறுவனம் டிராஸ்டுசுமாபின் ஒத்த மருந்தை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேறு நிறுவனங்களும் தொடர்ந்தன, விலை இறங்கியது. 2015இல் உலக நலவாழ்வு அமைப்பு இதை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவின் தேசியப் பட்டியலிலும் அதே ஆண்டு இடம்பெற்றது. ஒத்த மருந்து என்பது போலி மருந்து அன்று. மூல மருந்துக்கு இணையான பயனும் பாதுகாப்பும் உண்டு என்று சோதித்துக் காட்டிய பின்னரே அதற்கு ஒப்புதல் தரப்படுகிறது.

தவணைகளின் எண்ணிக்கை பற்றியும் ஆய்வுகள் நடந்துள்ளன. பிரிட்டனில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ‘பெர்செபோன்’ ஆய்வு, தொடக்க நிலை நோயில் ஆறு மாதச் சிகிச்சை ஓராண்டுச் சிகிச்சைக்குப் பின்தங்கிவிடவில்லை என்று காட்டியது. ஓராண்டே இன்னும் பொது வழக்கம். ஆனால் ‘ஓராண்டு முடியாது’ என்று தொடங்காமலே விட்டுவிடுவதற்கோ, சொல்லாமல் நின்றுவிடுவதற்கோ இடமில்லை. தன் நிலையை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொன்னால் வழி தேடமுடியும்.

நோயாளியும் குடும்பத்தாரும் கவனிக்கவேண்டியவை

அறுவைச் சிகிச்சைக்கு முன்பே ஊசித் திசுச் சோதனை செய்து மூன்று ஏற்பிகளின் முடிவையும் கேட்டுப் பெறுவது நல்லது. ஹெர்-2 வகைக் கட்டிகள் பலவற்றுக்கு மருந்தை முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பின்னரே அறுவை செய்கிறார்கள். கட்டியை முதலிலேயே எடுத்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

திசு பதிக்கப்பட்ட மெழுகுக் கட்டை நோயாளிக்கு உரியது போன்றது. அதையும் கண்ணாடி வில்லைகளையும் அறிக்கையையும் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். வேறு மருத்துவமனைக்குச் செல்லும்போது, ஐயமிருந்தால் அதே கட்டையிலிருந்து மறுசோதனை செய்யலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி கோரும்போதும், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இந்த அறிக்கையே அடிப்படை ஆவணம்.

பல ஆண்டுகள் கழித்து நோய் திரும்பினால் ஏற்பிகளை மீண்டும் சோதிக்கவேண்டும், அவை மாறியிருக்கக்கூடும்.

‘இது என் மகளுக்கும் வருமா?’ என்பது தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. ஹெர்-2 மரபணுப் பெருக்கம் கட்டியில் மட்டும் நிகழும் மாற்றம். அது பரம்பரையாக வருவதில்லை. பரம்பரையாக வரக்கூடியவை பி.ஆர்.சி.ஏ. போன்ற வேறு மரபணுக்களில் உள்ள பிழைகள். குடும்பத்தில் பலருக்கு இந்நோய் இருந்தாலோ, இளவயதில் வந்தாலோ அதற்கெனத் தனிச் சோதனை உண்டு.

மார்பில் வலியில்லாத கட்டி, தோல் சுருக்கம், காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் வலி வரும்வரை காத்திருக்கவேண்டாம். கட்டி சிறிதாக இருக்கும்போதே வந்து, ஏற்பி அறிக்கையைச் சரியாகப் பெற்றவருக்கு இன்றுள்ள மருந்துகள் முழுப் பயனைத் தரும் வாய்ப்பு மிகுதி. அறிக்கையைக் கையில் வாங்கியதும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்னும் மூன்று வரிகளும் அதில் இருக்கின்றனவா, ஹெர்-2 வரியில் 2+ என்று நின்றிருக்கிறதா என்று பார்ப்பதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை. வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் போதும்.